கையை மாற்று என்று சொன்னேன்

என் உடம்பில் உள்ள தழும்புகளை எண்ணச் சொன்னால் அநேகமாக எல்லாமே வலது பக்கமாகத்தான் வரும். வலது முன்கையில் ரசம் கொட்டிய இடம். வலது கட்டைவிரலில் தையல் மிஷின் ஊசி ஏறி இறங்கிய புள்ளி. மோவாய்க்கு அடியில், கொஞ்சம் வலப்பக்கமாக, டெல்லி பஸ் ஒன்று தந்த மூன்று தையல். இடது கை மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, "இந்தக் கைக்கு வேலையே குடுக்கறதில்லையா?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன். வேலை செய்ய ஆசைப்பட்டதே அந்தக் கைதான் என்று அவளிடம் எங்கே போய்ச் சொல்வது.

நான் பிறவியில் இடது கைக்காரி. திருநெல்வேலியில் அதற்கு மரியாதையான பெயர் எதுவும் கிடையாது. பீச்சாங்கை என்பார்கள், அவ்வளவுதான். சாப்பிட உட்காரும்போது அம்மா ஒரு பழைய துண்டால் என் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். எழுத உட்காரும்போது பக்கத்தில் ஈர்க்குச்சியோடு உட்காருவாள். கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளை, நாளைக்கு இன்னொரு வீட்டில் நாலு பேருக்குப் பரிமாற வேண்டியவள் என்ற பயம் அவளுக்கு. பத்து வயதுக்குள் நான் வலது கையால் எழுதினேன், சாப்பிட்டேன், பரிமாறினேன், கோலம் போட்டேன். வீட்டில் எல்லோரும் அந்த விஷயத்தை மறந்தே போனார்கள்.

கை மட்டும் மறக்கவில்லை. ஒரு தம்ளர் மேஜையிலிருந்து சரிகிறது என்று வையுங்கள். என் இடது கை அதைப் பிடிக்கக் கிளம்பிவிடும். கிளம்பின உடனே உள்ளே ஓர் அதட்டல் கேட்கும். இடது கையை இழுத்துக்கொண்டு வலது கையை அனுப்புவேன். இதற்கெல்லாம் அரை நொடிதான் ஆகும். ஆனால் தம்ளர் விழுவதற்கும் அரை நொடிதான் ஆகும். இடது கைக்காரர்களுக்கு அடிபடுவது அதிகம் என்று இப்போதெல்லாம் சொல்கிறார்கள். இருக்கலாம். என்னைக் கேட்டால், இடது கையால் யாருக்கும் அடிபடுவதில்லை. அந்த அரை நொடியில்தான் அடிபடுகிறது.

பஸ் விஷயமும் அதுதான். கல்யாணமாகி டெல்லிக்கு வந்த புதிது. பின்பக்கக் கதவில் ஏறினேன். என் இடது கை கம்பியை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் விசில் கொடுத்தான். வண்டி நகர்ந்த அந்த நேரம் பார்த்து எனக்குப் புத்தி வந்தது. பிடித்த கையை விட்டுவிட்டு வலது கையால் பிடிக்கப் போனேன். ரோட்டில் கிடந்தேன். "உனக்கு மட்டும் ஏன் எப்பப் பாத்தாலும் அடிபடுது?" என்று என் வீட்டுக்காரர் தையல் போடும் அறைக்கு வெளியே நின்று கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறைப்பது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வருஷம் போகப் போக இரண்டும் ஒன்றாகிவிட்டது.

அப்போது நாங்கள் சரோஜினி நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டாவது மாடி, இரண்டு அறை. அவர் காலை எட்டரைக்குச் சைக்கிளில் ஆபீஸ் கிளம்பினால் ஆறு மணிக்குத்தான் திரும்புவார். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. மாமியார் ஊரிலிருந்து எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இருக்கும். என் கணக்கில் ஏற்கெனவே ஒரு குறை இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். நான் செய்ததற்கு அது காரணமே தவிர நியாயம் இல்லை.

எங்கள் பிளாக்கில் நாலு வீட்டுக்கு ஒரே வேலைக்காரி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். புருஷன் கொத்து வேலை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டிருந்தார்கள். பாத்திரம், துணி, பெருக்கித் துடைப்பது எல்லாம் அவள்தான். எங்கள் வீட்டில் கூடுதலாகக் காய் நறுக்கவும் வைத்துக்கொண்டேன், வலது கையால் நறுக்கினால் எனக்கு அரைக் கிலோ பீன்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதால்.

யாரும் இல்லாத மத்தியான வேளைகளில் மட்டும் நான் இடது கையை அவிழ்த்து விடுவேன். அவள் வேலைக்கு வந்த முதல் வாரம், நான் அப்படி உட்கார்ந்து கீரை ஆய்ந்து, தண்டை இடது கையால் நறுக்கிக்கொண்டிருந்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கத்தியைக் கை மாற்றினேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"அட, அம்மாவும் நம்ம கைதானா?" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே."

"நான் என்னா, ஊரெல்லாம் டமாரம் அடிக்கவா போறேன்?" என்று சிரித்துக்கொண்டே அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் உட்காரும் விதமே எனக்குப் புதிதாக இருந்தது. எல்லோரும் அரிவாள்மணைப் பலகையை வலது காலால் மிதித்துக்கொண்டு உட்காருவார்கள். அவள் இடது காலால் மிதித்தாள். இடது கையால் காயைத் தள்ளினாள். அவரைக்காய் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போய் ஒரே அளவாக விழுந்தது. காலும் கையும் ஒரே பக்கம் இருந்தால்தான் பலகை அசையாது என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் அம்மா என் கையை மாற்றினாளே தவிர, காலை யார் கவனித்தார்கள். இத்தனை வருஷமாக நான் கோணலாகவே உட்கார்ந்து நறுக்கியிருக்கிறேன்.

அவள் கைகளில் ஒரு வெட்டுக் காயம் கிடையாது, ஒரு சூட்டுத் தழும்பு கிடையாது. நாலு வீட்டில் வேலை செய்கிறவள். எப்படி என்று கேட்டேன்.

"எங்கம்மா விடியக்காலமே களையெடுக்கப் போயிரும். நான் எந்தக் கையால என்னா செய்யறேன்னு பாக்க அதுக்கு ஏதும்மா நேரம்?" என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதன்பின் கிட்டத்தட்ட ஒரு வருஷம், தினமும் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்று வரை நாங்கள் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து இடது கையால் நறுக்கினோம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். டெல்லியில் எனக்கு இருந்த ஒரே சுதந்திரம் அந்த ஒரு மணி நேரம்தான் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒருமுறைகூட விரல் வெட்டுப்பட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் என் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்தது. பையன் டெல்லியில்தான் வேலை. அவன் குடும்பம் கரோல் பாகில் குடியிருந்தது. பேசி முடிக்க வேண்டும் என்று மாமியாரும் நாத்தனாரும் ஊரிலிருந்து ரயிலேறி வந்து எங்களோடு தங்கினார்கள். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை வந்த நாளிலிருந்து மத்தியான வேளைகளும் போயின. வேலைக்காரியிடம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதல் நாளே என் வலது கையில் கத்தியைப் பார்த்துவிட்டு, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் பாத்திரங்களைத் தேய்க்கப் போய்விட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பன்னிரண்டு பேர். அவளையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தேன். மஞ்சள் பூசணி, முழுக் காய், தலையணை அளவு இருந்தது. முந்தின நாள் கடைக்காரன் "அச்சா கத்தூ, பெஹன்ஜி", நல்ல பூசணி என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான். தோல் இரும்பு மாதிரி. அவள் அதை நாலாகப் பிளந்துவிட்டு, ஒரு பத்தையை எடுத்து அரிவாள்மணையில் நறுக்க ஆரம்பித்தாள். நான் அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அத்தை குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்கள்.

"ஏட்டி, இவ என்ன பீச்சாங்கையாலயா அரியுதா? நல்ல காரியம் பேச வாறவங்க சாப்பிடப் போற காயில்லா?"

கேள்வி என்னைப் பார்த்து. அவள் நிமிர்ந்து முதலில் அத்தையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். மத்தியான வேளைச் சிரிப்பு ஒன்று அவள் முகத்தில் வந்தது. அத்தையைச் சமாதானப்படுத்தும் தொனியில், "பீச்சாங்கையா இருந்தா என்னாங்கம்மா, நம்ம அம்மாகூட..." என்று ஆரம்பித்தாள்.

"கையை மாத்து," என்றேன். எனக்கே அந்நியமாக இருந்தது அந்தக் குரல். "வலது கையால நறுக்கு. வாய் எதுக்கு?"

அவள் சிரிப்பு நின்றது.

"எனக்கு வராதும்மா."

"வரும். எல்லாருக்கும் வரும்."

அவள் கையை மாற்றினாள். பூசணித் துண்டு வலது கையில், மறு பக்கம் தாங்கிக்கொள்ள இடது கை. ஆனால் பலகையை மிதித்திருந்தது இடது கால்தான். உடம்பு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். நான் அதைப் பார்த்தேன். இதைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. வலது கைக்காரிக்கு அந்தக் கால் கண்ணில் பட்டிருக்காது. அத்தைக்குப் படவில்லை. எனக்குப் பட்டது. பலகை அசையும் என்று எனக்குத் தெரியும். காலையும் மாற்றிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று அத்தை கேட்டிருப்பார்கள். கேட்டிருக்காமலும் போயிருக்கலாம். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாளிக்கக் கடுகு போட்டுவிட்டு அது வெடிப்பதற்குக் காத்திருந்த நேரம். பின்னால் பலகை தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கூடவே அவள் "யம்மா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. திரும்பினால் பூசணித் துண்டு சுவரோரம் உருண்டு கிடக்கிறது, அரிவாள்மணை சாய்ந்து கிடக்கிறது, அவள் இடது உள்ளங்கையை வலது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்து நறுக்கிய காயின்மேல் விழுந்தது.

மஞ்சள் தூளை அள்ளி வைத்து, ஒரு தலையணை உறையைக் கிழித்துக் கட்டினேன். உடனே நனைந்தது. இன்னொன்றைக் கட்டினேன். மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. நான் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கீழே துணி தேய்க்கும் இஸ்திரிக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு, ஒரு ஆட்டோவில் ஏற்றி, "ஜல்தி, ஜல்தி" என்று அனுப்பிவைத்தேன். ஆட்டோவில் உட்கார்ந்து அவள் என்னைப் பார்த்தாள். நானும் வருவேன் என்று நினைத்திருப்பாள். மேலே வந்து தரையைக் கழுவினேன். ரத்தம் பட்ட காயைக் கொட்டிவிட்டு மீதியைப் போட்டுச் சாம்பார் வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். சாம்பாரைப் பாராட்டினார்கள். நான் வலது கையால் பரிமாறினேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போன மாப்பிள்ளையின் அம்மா, சுவரோரம் நான் கவனிக்காமல் விட்ட ஒரு சொட்டைப் பார்த்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டாள். அத்தை பதில் சொன்னார்கள்: "வேலைக்காரி கையை அரிஞ்சுக்கிட்டா. அவ பீச்சாங்கைக்காரி."

அதோடு விட்டிருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவே, வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டே, "இடது கைக்காரங்களுக்கு அப்படித்தான். கவனம் பத்தாது. அடிக்கடி எதாவது பட்டுக்கிட்டே இருக்கும்," என்றேன்.

கவனம் பத்தாது என்பது என்னைப் பற்றி என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் சொன்னது. கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. தடங்கலே இல்லாமல் வந்தது.

சம்பந்தம் முடிவானது.

அவளுக்கு உள்ளங்கையில் நீளமாகத் தையல் போட்டிருந்தார்கள். காயம் ஆறியது. ஆனால் இடது கையில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. உள்ளே நரம்பு அறுந்துவிட்டது என்று சொன்னார்களாம். துணி பிழிய முடியாது. குக்கரைப் பிடித்துத் தேய்க்க முடியாது. அவள் வராமல் இருந்த ஒரு மாதத்தில் நாலு வீட்டிலும் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அத்தை பார்த்து ஒருத்தியை வைத்தார்கள். வேலை பேசும்போதே, "நீ எந்தக் கையாலட்டி வேலை செய்வே?" என்று அவளிடம் தமிழில் கேட்டார்கள். பாவம், அவள் பீகார்க்காரி. ஒன்றும் புரியாமல் இரண்டு கையையும் காட்டினாள்.

நான் சொன்ன வாக்கியம் மாடிப்படிகளில் இறங்கிப் போய்விட்டது. எதிர்வீட்டில் சொன்னார்கள், கீழ்வீட்டில் சொன்னார்கள், தண்ணீர்க் குழாயடியில் இந்தியில் சொன்னார்கள். இடது கைக்காரியை வைத்துக்கொண்டால் எதையாவது உடைப்பாள், இல்லாவிட்டால் தன்னையே வெட்டிக்கொள்வாள், அப்புறம் யார் பதில் சொல்வது? பிளாக்கிலேயே அது பெரிய உண்மை ஆகிவிட்டது. உதாரணத்துக்கு எங்கள் வீடு. பத்து மாதம் இந்தப் பெண்களின் கண்ணெதிரே ஒரு ஸ்பூனைக்கூட அவள் கீழே போட்டதில்லை என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் அவளுக்கு ஒரு பையில் அரிசியும் ஒரு பழைய கம்பளியும் வைத்து இஸ்திரிக்காரர் மனைவி மூலம் கொடுத்தனுப்பினேன். கொடுத்தனுப்பிய அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாத்தனார் கல்யாணத்தை டெல்லியிலேயே நடத்துவதென்று முடிவாகி, அதுவரை அத்தை எங்களோடு இருந்தார்கள். அந்தச் சமயத்தில் கீழ்த்தளத்துக்கு ஒரு பஞ்சாபிக் குடும்பம் மாற்றலாகி வந்தது. அந்த வீட்டு அம்மாளும் ஆபீஸ் போகிறவள். வீட்டில் படுத்த படுக்கையாக அவள் மாமியார். பகலில் கூட இருந்து, வேளைக்குக் கஞ்சி ஊட்டி, மருந்து கொடுத்து, புரட்டிப் படுக்க வைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. துணி பிழிகிற வேலை இல்லை, பாத்திர வேலை இல்லை. எங்கள் பழைய வேலைக்காரியின் கைக்குச் செய்யக்கூடிய வேலை. அவள் போய்க் கேட்டிருக்கிறாள். அந்த அம்மாளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் குழாயடியில் யாரோ காதில் போட்டுவிட்டார்கள்.

ஒருநாள் காலை, பால் டிப்போவில் பாட்டில்களை வாங்கிக்கொண்டு நான் திரும்பும்போது கீழ்ப்படியில் அவளும் அந்த அம்மாளும் நின்றிருந்தார்கள். அவள் இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. "இதோ அம்மாவே வந்துட்டாங்க" என்றாள்.

அந்தப் பஞ்சாபி அம்மாள் வெளிப்படையான மனுஷி. நேராகவே இந்தியில் கேட்டாள்: "இவள் கவனக்குறைவாக வெட்டிக்கொள்ளவில்லை என்கிறாள். வலது கையால் நறுக்கச் சொல்லி நீங்கள் கட்டாயப்படுத்தியதால்தான் ஆனதாம். மாடி வீட்டு அம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும் என்கிறாள். அப்படியா? என் மாமியாரை நம்பி விட வேண்டும். அதனால்தான் கேட்கிறேன்."

அத்தை மேலே எங்கள் வீட்டு வாசலில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம் என்று சொன்னால் போதும். இந்தியில் அது ஓர் எழுத்து. அத்தைக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. காய்கறி வாங்கக்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவார்கள். நான் அந்தப் படியில் நின்றபடி முழு உண்மையையும், என் கை, என் அம்மா, மத்தியான வேளை எல்லாவற்றையும் சொல்லியிருந்தாலும் அத்தைக்குப் பால் விலையைப் பற்றிப் பேசுகிறேன் என்றுதான் தோன்றியிருக்கும். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இன்றைக்கும் இந்த இடத்தில் எனக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. பயம் என்று சொல்லிப் பார்க்கிறேன். பயப்பட அங்கே ஒன்றும் இருக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

"நான் ஏன் அப்படிச் சொல்லப் போகிறேன்?" என்றேன், என் ஓட்டை இந்தியில். "எந்தக் கையால் நறுக்கினால் எனக்கென்ன?"

வேலைக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். பால் பாட்டில் கூடை என் இடது கையில் இருந்தது. மெதுவாக வலது கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அவள் வாயைத் திறந்தால் போதும். அதுவும் தமிழில் சொன்னால் போதும், மேலே அத்தை காதில் விழுந்திருக்கும். அவள் ஒருமுறை நிமிர்ந்து மாடியைப் பார்த்தாள். அப்புறம் எனக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், "சரிம்மா. நீங்க சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"என்னட்டி சொல்லுதா அவ?" என்று அத்தை மேலேயிருந்து கேட்டார்கள்.

"ஒண்ணுமில்லை அத்தை. வேலை கேட்டு வந்திருக்கா," என்றேன்.

பஞ்சாபி அம்மாள் வேறு ஆளை வைத்துக்கொண்டாள்.

அத்தை காலமான பிறகு, வெகு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் என் வீட்டுக்காரரிடம் இடது கை விஷயத்தைச் சொன்னேன். வேலைக்காரியைப் பற்றிச் சொல்லவில்லை, கையைப் பற்றி மட்டும். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இதையா இவ்வளவு நாளா வச்சிருந்தே? எங்க பெரியப்பாவே இடது கைதானே. அம்மா ரெண்டு நாள் முணுமுணுத்துட்டு விட்டிருப்பா," என்றார். மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார். அவ்வளவு சல்லிசான ஒரு விஷயத்துக்காக ஒருத்தியின் கையையும் பிழைப்பையும் கொடுத்திருக்கிறேன். பெரிய ரகசியமாக இருந்திருந்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது அதற்கெல்லாம் முன்பு, ஏஷியாட் விளையாட்டுக்காக ஊர் முழுக்கக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். லோதி ரோடுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையில் பாதியை அடைத்துப் பாலம் வேலை நடந்துகொண்டிருந்ததால் பஸ் நின்றது. சித்தாள்கள் வரிசையாகச் செங்கல் சுமந்து போனார்கள். மூன்றாவது ஆள் அவள். தலையில் ஏழெட்டுக் கல். அதை வலது கையால் பிடித்திருந்தாள். பிடித்திருந்த விதத்திலேயே அந்தக் கைக்கு அது பழக்கமில்லை என்று தெரிந்தது. மேல் கல் ஆடிக்கொண்டே வந்தது.

தெரிந்த முகம் என்று அவள் கண் என்மேல் நின்றது. கோபம் இருந்ததா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சுமையோடு நின்று, தெரிந்தவர்களைக் கண்டால் எல்லோரும் செய்வதுபோல, சும்மா இருந்த கையைத் தூக்கினாள். இடது கை. மூன்று விரல் விரிந்தும் இரண்டு விரல் விறைத்தும் இருந்தன.

அந்தப் பஸ்ஸில் என்னைத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. அத்தை இல்லை, அவர் இல்லை, தமிழ் பேசுகிற முகம்கூட ஒன்று இல்லை. என் இடது கை மடியிலிருந்து தானாகவே எழுந்தது. ஜன்னல் கம்பிவரை போய்விட்டது. நான் அதை இழுத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினேன். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.